வீட்டு விழாவும் கைத்தையலும்



பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களின் வீட்டில் ஒரு விழா வருமாயின், இரண்டு கவலைகள் சேர்ந்தே வரும். ஊரிலிருந்து உறவினர் வந்து சேர்வார்களா என்பது ஒன்று. புத்தாடைக்கு என்ன செய்வது என்பது மற்றொன்று. முதற்கவலையைத் தீர்ப்பது நம் கையில் இல்லை. இரண்டாவதோ, உண்மையாகவே நம் கையில்தான் இருக்கிறது. ஓர் ஊசியும், ஒரு நூற்கண்டும், நல்ல கத்தரிக்கோல் ஒன்றும் இருந்தால் போதும். அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகின்றோம்.

நாம் லாலாகுடாவைச் சேர்ந்தவர்கள். செகந்திராபாத்தை ஒட்டிய இவ்விடத்தில், நிஜாமின் உத்தரவாதம் பெற்ற இரயில்வே நிறுவனம் 1893ஆம் ஆண்டில் ஒரு பட்டறையை அமைத்தது. அந்த இருப்புப்பாதை 1950இல் இந்திய அரசின் உடைமையாயிற்று. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய இரயில்வே தோன்றியபோது, பட்டறையும் அதனுள் அடங்கியது. இதை நம்பிக் காவிரிக்கரையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. வீட்டிலே தமிழ், அடுத்த வீட்டிலே தெலுங்கு, கடைத்தெருவிலே உருது. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் எங்கள் விழாக்கள் நடந்தன.

ஊரில் இருப்பவர்க்கு ஆடையைப் பற்றி அதிகம் சிந்திக்க வேண்டியதில்லை. காது குத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வருவார். அளவு தெரிந்த தையற்காரர் தெருக்கோடியில் இருப்பார். பாட்டியின் பெட்டியில் ஏதேனும் ஒரு பட்டுத்துணி இருக்கும். வெளியூரில் இவையெல்லாம் எட்டாத தொலைவில் இருக்கின்றன. ஆதலால், ஊரில் பலர் கூடிச் செய்வதை இங்கே வீட்டிலுள்ள இருவரும் அயல்வீட்டார் இருவருமே செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். 1974ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் முதல் 27ஆம் நாள் வரை நாடெங்கும் இரயில்வே வேலைநிறுத்தம் நடைபெற்றது. அடுத்த மாதம் எங்கள் மகளுக்கு ஆண்டு நிறைவு. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. மளிகைக் கடையில் கடன் ஏறியிருந்தது. ஊருக்குப் போவதைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டோம். புதுப் பட்டு வாங்குவதும் இயலாத காரியம்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டு. அது குழந்தையின் பாட்டியுடைய கூறைப்புடவை. மாயூரத்தை ஒட்டிய கூறைநாட்டில் நெய்த ஒன்பது கெஜச் சேலை அது. பாட்டியார் 1972இல், பேத்தியைக் காணாமலே மறைந்தார். அவர் நினைவாக எங்கள் இரும்புப் பெட்டியில் இருந்த பொருள் அது ஒன்றுதான். அதை வெட்டுவதா, வேண்டாவா என்பதே எங்கள் வீட்டில் பத்து நாட்கள் நடந்த பேச்சு. வெட்டிக் கெடுத்துவிட்டால் மீண்டும் கிடைக்காது. வெட்டாமல் வைத்திருந்தாலோ, மடிப்பிலேயே அது இற்றுப்போகும். பிரித்துப் பார்த்தபோது, மடிப்புக் கோடுகளில் பட்டு ஏற்கெனவே விட்டிருந்தது.

இவ்வாறு ஆவதற்குக் காரணம் உண்டு. சரிகை என்பது, நூலின்மேல் உலோக இழையைச் சுற்றிச் செய்வது. துணியை ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால், அந்த உலோகம் மடிப்பில் உள்ள பட்டிழையை அறுக்கும். ஆகையால்தான் பட்டுச் சேலையை மூன்று நான்கு திங்களுக்கு ஒருமுறை பிரித்து, வேறு விதமாக மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்பர். எங்களுக்கு இது அப்போது தெரியாது.

இறுதியில் வெட்டுவதென்று துணிந்து, கடைத்தெருவில் ஒரு தையற்காரரிடம் கொடுத்தோம். அவர் ஒரு வாரம் வைத்திருந்து, விழாவுக்கு முந்தின நாள் மாலையில் வெட்டாமலே திருப்பித் தந்தார். பழைய பட்டு எந்திரத்தின் ஊசிக்குத் தாங்காது என்றும், கிழிந்தால் தாம் பொறுப்பல்ல என்றும் சொன்னார். அன்று அவர்மேல் எங்களுக்குச் சினம் வந்தது. ஆயினும் அவர் சொன்னது பொய்யன்று.

அன்றிரவு எங்கள் கூடத்தில் நால்வர் உட்கார்ந்தோம். அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மையாரை நாங்கள் வதினா என்று அழைப்போம். அவர் தம்முடைய உஷா எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு உருது பேசும் அம்மையாரை ஆப்பா என்போம். அவர் கலியாண ஆடைகளுக்குக் கோட்டா என்னும் சரிகை நாடா தைத்துப் பழகியவர். எங்களுள் ஒருவர் பட்டறையில் இரயில்பெட்டிகளின் இருக்கை உறைகளைத் தைக்கும் வேலையில் இருந்தவர். தடித்த துணியையே தைத்து வந்த அவர், பட்டைத் தொட அஞ்சினார். ஆனால், விரலில் மாட்டும் அங்குஸ்தானைக் கொணர்ந்து கொடுத்தார். அது பாரசீகச் சொல் என்பதும், உருது பேசுவோரும் அதே சொல்லால்தான் சுட்டுகின்றனர் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தன.

கத்தரிக்கோல் ஆப்பாவின் கையில் இருந்தது. வதினா தடுத்து, "உங்கள் தாயாரின் புடவை, அம்மா. முதல் வெட்டு உங்கள் கையால்தான் விழவேண்டும்" என்றார். குழந்தையின் தாய் சிறிது நேரம் வாளாவிருந்தாள். பிறகு வாங்கி வெட்டினாள். அதன்பின் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, வேலை நடந்தது.

அன்று அறிந்தவற்றை இப்போது சொல்லுகின்றோம். பழைய பட்டை வெட்டுமுன் விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இற்ற இடங்களில் ஒளி புள்ளிபுள்ளியாகத் தெரியும். அவற்றைச் சாக்குக்கட்டியால் குறித்து விலக்கிவிட வேண்டும். உள்ளே வைக்கும் மல் துணியை முன்னதாகவே நீரில் நனைத்து உலர்த்த வேண்டும்; இல்லையேல் பின்னால் அது சுருங்கிப் பட்டை இழுக்கும். பட்டையும் மல் துணியையும் முதலில் பெரிய ஓட்டுத் தையலால் இணைத்துக்கொள்ள வேண்டும். உடம்புப் பகுதியையும் உள்துணியையும் எந்திரத்தில் தைக்கலாம். பட்டு வரும் இடத்தை மெல்லிய ஊசியால் கையாலேயே தைப்பது நலம். இடுப்பில் சுருக்கங்கள் சேரும் இடத்தில் பாரம் விழுவதால், அங்கே ஒவ்வோர் அடியும் பின்னோக்கிச் சென்று வரும் தையல் வேண்டும்.

ஒரு வயதுக் குழந்தைக்கு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஏறக்குறைய 15 அங்குலம் இருக்கும். நாங்கள் 81 அங்குல நீளமும் 22 அங்குல உயரமும் உள்ள துண்டை, சரிகைக் கரை கீழே வருமாறு வெட்டினோம். மிகுந்த உயரத்தை வீணாக்கவில்லை. கரைக்கு மேலே உட்புறமாக மூன்று மடிப்புக்கள் பிடித்தோம். ஓர் அங்குல மடிப்பு, துணியில் இரண்டு அங்குலத்தை விழுங்கும். குழந்தை வளர வளர, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் இரண்டு அங்குலம் கிடைக்கும். ஒரு மடிப்பு ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சிக்குப் போதும். உள்துணிக்கும் தனியே அதே மடிப்புக்கள் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பாவாடை விறைத்து நிற்கும். இடையில் நில்லாத சிறு குழந்தைக்குப் பாவாடையை உடம்புடன் சேர்த்துத் தைத்தால், பாரம் தோளில் நிற்கும், நழுவாது.

விடியும்போது பாவாடை முடிந்தது. ஆப்பா கழுத்தைச் சுற்றிக் கோட்டா நாடாவை வைத்திருந்தார். மிஞ்சிய துண்டில் வதினா ஒரு சுருக்குப் பை செய்தார். அதை ஆப்பா பட்டுவா என்றார். பெயர் வேறாயினும், வாயில் கயிறு கோத்து இழுக்கும் பை ஒன்றுதான். தெலுங்கர் லங்கா ஓணி என்பதும் நம் பாவாடை தாவணியும் அவ்வாறே. பிற மாநிலத்தில் வாழ்வதால் நம் வழக்கம் அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று பாட்டியின் புடவையைக் காத்தவர்கள், தமிழ் அறியாத இருவர்.

பழைய துணியில் குழந்தைக்கு ஆடை செய்வது வறுமையின் அடையாளம் அன்று. பிறந்த குழந்தைக்குப் பழைய நூற்சேலையைக் கிழித்து விரிப்பது நம்மிடையே நெடுங்கால வழக்கம். பலமுறை துவைத்த துணி மென்மையாக இருக்கும். குழந்தையின் தோலை உறுத்தாது. வங்கத்தில் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா என்னும் போர்வை செய்கிறார்கள். நீலகிரியில் தோடர் குலப் பெண்டிர், வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமான பூவேலை செய்கிறார்கள். அவ்வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெலங்கானாவின் லம்பாடிப் பெண்களோ கண்ணாடித் துண்டும் சோழியும் வைத்துத் தைக்கிறார்கள். எங்கெங்கும் பெண்டிர், தம் மக்களின் நன்னாளுக்காகவே ஊசியை அதிகம் எடுத்திருக்கின்றனர்.

கைத்தையல் என்றால் எந்திரம் கூடாது என்பதன்று. ஐசக் சிங்கர் தம் தையல் எந்திரத்துக்கு 1851இல் உரிமை பெற்றார். எந்திரங்களைப் பற்றி எச்சரித்த காந்தியடிகள், 1924இல் இராமச்சந்திரன் என்னும் இளைஞருடன் உரையாடுகையில், தையல் எந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்ட அன்பினால் பிறந்த பொறி அது என்பது அவர் கருத்து. அந்த இராமச்சந்திரனே தம் துணைவியார் சௌந்தரம் அம்மையாருடன் 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். அன்பின் பொருட்டு எதைக் கொண்டு தைத்தாலும் அது கைத்தையலே.

இன்று கைப்பேசியில் விரலை வைத்தால், இரண்டு நாளில் ஆடை வாசலுக்கு வந்துவிடுகிறது. அதை வாங்க வேண்டா என்று நாம் சொல்லவில்லை. அலுவலகமும் அடுக்களையும் பார்க்கும் மகளிரிடம், ஆடையும் நீயே தை என்று சொல்வது அறமாகாது. ஒரு விழாவுக்கு ஒரு பொருளேனும் வீட்டில் தைத்ததாக இருக்கட்டும் என்பதே எம் வேண்டுகோள். வளைகாப்புக்கு வருவோர்க்குத் தாம்பூலப் பை, பின்னலில் தொங்கும் குஞ்சலம், கொலுப் பொம்மைக்கு ஓர் ஆடை, தாத்தாவின் வேட்டிக் கரையில் குழந்தைக்கு ஒரு சட்டை, இவற்றுள் ஒன்று போதும். அதை ஆடவரும் சிறுவரும் சேர்ந்து செய்யட்டும். பொத்தான் வைக்கத் தெரியாத பையனாக நம் வீட்டில் எவனும் வளர வேண்டியதில்லை.

அந்தப் பாவாடை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் மகள் நான்கு வயதுவரை ஒவ்வோர் ஆண்டும் அதை அணிந்தாள். மடிப்புப் பிரித்த இடங்களில் மங்கிய மூன்று கோடுகள் நின்றன. அவை அவள் வளர்ந்த கணக்கு. 2003ஆம் ஆண்டில் அவள் மகளின் ஆண்டு நிறைவுக்காக மடிப்புக்களை மீண்டும் பிடித்தோம். அதற்குள் பட்டு இற்றுவிட்டதால், சரிகைக் கரையை மட்டும் எடுத்துப் புதிய நூல்துணியில் வைத்துத் தைத்தோம். வதினா அப்போது இல்லை. ஆப்பா தம் மகன் வீட்டிலிருந்து வந்து, கண்ணாடியை மூக்கில் சரித்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க மட்டும் எங்களைக் கேட்டுவிட்டு, மற்றதைத் தாமே செய்தார்.

கரை இன்னும் நன்றாக இருக்கிறது. எங்கள் பேத்தி அதை எடுத்து வைத்திருக்கிறாள். அதை ஆண்டுக்கு மூன்று முறை மாற்றி மடிக்க வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒரு துணி இருக்கக்கூடும். இன்று ஒருமுறை அதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள்.