கையேந்தி நடத்தும் வீடு

'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற கத்தோலிக்கத் துறவற சபைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. கையில் காசில்லாத முதியவர்களைக் கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொள்வது. சுமார் 30 நாடுகளில் இந்தச் சபை முதியோர் இல்லங்களை நடத்துகிறது. இந்தியாவில் முதல் இல்லம் 1882-இல் கல்கத்தாவில் திறக்கப்பட்டது. 1888-இல் கொழும்பிலும், 1900-இல் பெங்களூரிலும் இல்லங்கள் தொடங்கின. சென்னையில் சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் ஓர் இல்லம் இருக்கிறது. அறுபது வயது கடந்திருக்க வேண்டும், ஏழையாக இருக்க வேண்டும். சேருவதற்கு முக்கியமாகப் பார்ப்பது இவ்வளவுதான். சாதி, மதம் பார்ப்பதில்லை.

இந்தப் பணியைத் தொடங்கியவர் ழான் ஜுகான். பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் உள்ள கான்கால் என்ற ஊரில் 1792-இல் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோதே மீனவரான தந்தை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பெரிய வீடொன்றில் சமையலறை வேலை, பிறகு மருத்துவமனை வேலை என்று உழைத்துப் பிழைத்த பெண். 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சேன் செர்வான் என்ற ஊரில், பார்வையிழந்து உடலும் செயலிழந்த ஆன் ஷோவேன் என்ற மூதாட்டியைத் தம் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தார். குறுகிய படிகளில் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறித் தம் கட்டிலைக் கொடுத்துவிட்டு, ழான் பரணில் போய்ப் படுத்தார். அப்போது அவருக்கு வயது 47. சேமிப்பு என்று சொல்ல அதிகம் இல்லை. இந்தச் செய்தியை ஒருபோதும் மறக்கக் கூடாது. வசதியுள்ளவர் செய்த தானத்தில் இந்தச் சபை பிறக்கவில்லை. ஓர் ஏழை தன்னைவிட ஏழையான ஒருவருக்குப் படுக்க இடம் கொடுத்ததில்தான் பிறந்தது.

அடுத்த இரண்டாண்டில் பன்னிரண்டு மூதாட்டிகள் சேர்ந்தார்கள். 1842-இல் பழைய மடம் ஒன்றை வாங்கிய பிறகு எண்ணிக்கை நாற்பதைத் தொட்டது. இத்தனை பேருக்குச் சாப்பாடு எப்படி? அந்த மூதாட்டிகளில் பலர் அதுவரை தெருவில் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். அவர்கள் மறுபடி தெருவில் இறங்க வேண்டாம், அவர்களுக்காக நானே கேட்கிறேன் என்று ழான் கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு முறை பணக்காரர் ஒருவர் எரிச்சலில் அவரை அடித்துவிட்டார். இந்த அடி எனக்கு, இனி என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்று அவர் அமைதியாகக் கேட்டதாகச் சபையார் இன்றும் சொல்வார்கள்.

கையேந்துவது பிறகு சபையின் நிலையான முறையாயிற்று. நிரந்தர வருமானம் தரும் முதலீடு எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று 1865-இல் முடிவெடுத்தார்கள். ஓய்வூதியம் உள்ள முதியவர்கள் தங்களால் இயன்றதைத் தருவது சில நாடுகளில் உண்டு. மற்றபடி அரிசி, காய்கறி, துணி, மருந்து எல்லாம் கேட்டு வாங்கியே வர வேண்டும். சகோதரிகள் சந்தைக்கும் கடைகளுக்கும் நேரில் போய்க் கேட்கிறார்கள். இதைப் பழைய காலத்துப் பழக்கம் என்று ஒதுக்குவது தவறு. வைப்பு நிதி இருந்தால் நிர்வாகம் எளிது, கவலை குறைவு. ஆனால் ஊரோடு தொடர்பு அறுந்துபோகும். ஒரு கத்தரிக்காய் வியாபாரி வாரந்தோறும் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும்போது, அந்த இல்லத்து முதியவர்கள் அவருக்கும் பொறுப்பாகிவிடுகிறார்கள்.

இல்லங்களைப் பெரிய விடுதிகளாக வளர விடுவதில்லை. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அறிந்த குடும்பமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். தேவாலயம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். நாள்தோறும் திருப்பலி நடக்கும். விரும்பியவர் வரலாம், கட்டாயமில்லை. முடிந்தவர்கள் காய் நறுக்குவார்கள், துணி மடிப்பார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இதுவும் ழான் காலத்து வழக்கம்தான். முதல் மூதாட்டிகளுக்குக் கம்பளி நூற்கும் வேலை கொடுத்திருந்தார். வேலை என்பது செலவைக் குறைக்கும் வழியாக மட்டும் இருக்கவில்லை. தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் முதுமையில் மனத்தை அரித்துவிடும். அதற்கு மாத்திரை கிடையாது.

வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குறுதிகளைத் துறவியர் வழக்கமாக ஏற்பார்கள். இந்தச் சபையில் நான்காவதாக ஒன்று உண்டு, விருந்தோம்பல். அதன் முழுப் பொருள் ஒருவரின் இறுதி நாட்களில் தெரியும். நோய் முற்றி, இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்ததும், சகோதரிகள் முறைவைத்து இரவும் பகலும் கட்டிலருகே உட்காருகிறார்கள். உதட்டை நனைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, கையைப் பிடித்துக்கொள்வது, மெல்ல ஜெபம் சொல்வது. உயிர் பிரியும் வேளையில் யாரும் தனியாக இருக்கக் கூடாது என்பது இவர்களுடைய உறுதி. ஆள்பலம் குறைந்த பெரிய மருத்துவமனை எதுவும் இதை எளிதில் செய்துவிட முடியாது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீட்டில்கூட இது நடப்பதில்லை. வைத்தியம் எவ்வளவு முன்னேறினாலும், பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

தொடங்கியவருக்குச் சபை எளிதான வாழ்வைத் தரவில்லை. சகோதரிகள் 1843-இல் ழானை மறுபடியும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சபையை வழிநடத்திய பாதிரியார் ல பையர் சில நாட்களிலேயே அந்தத் தேர்வை ரத்து செய்து வேறொருவரை நியமித்தார். 1852 முதல் இறக்கும் வரை 27 ஆண்டுகள் தலைமை இல்லத்தில் ஒதுங்கி வாழ்ந்தார் ழான். 1879-இல் அவர் இறந்தபோது சபையில் 2,400 சகோதரிகள் இருந்தார்கள். அவரே நிறுவியவர் என்பது அவர்களில் இளையவர்களுக்குத் தெரியாது. உண்மை வெளிவந்தது பின்னால்தான். போப் பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009 அக்டோபர் 11 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார்.

இன்று சபையின் பெரிய கவலை ஆள் குறைவு. மேலை நாடுகளில் துறவறத்துக்கு வரும் இளம் பெண்கள் குறைந்து, இருக்கும் சகோதரிகளுக்கும் வயதாகிறது. அங்கே பல இல்லங்களைச் சபை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு விலகியிருக்கிறது. சம்பள ஊழியர்கள் எல்லா இல்லங்களிலும் உண்டு. அவர்களை மட்டும் வைத்துக்கொண்டு தங்கள் பெயரில் ஓர் இல்லத்தை நடத்தச் சகோதரிகள் விரும்புவதில்லை. கட்டிலருகே உட்காரத் தங்களில் ஆள் இல்லாத இடத்தை, இருப்பவர்களின் எதிர்காலத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, விட்டுக்கொடுக்கிறார்கள்.