எம்பசியில் எந்தக் கதவைத் தட்டுவது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊரை விட்டு நாம் மும்பைக்கு வந்தோம். நம் பிள்ளைகள் மும்பையை விட்டு வளைகுடாவுக்குப் போகிறார்கள். அங்கே ஓர் இடைஞ்சல் என்றால் "எம்பசிக்கு எழுது" என்கிறோம். எந்த ஊர் எம்பசிக்கு என்று கேட்டால் பதில் இல்லை. போன ஆண்டு ஒரு தாயார் அபுதாபி முகவரி எழுதிய மனுவோடு நம் சங்கத்துக்கு வந்தார். மகன் பிடிபட்டதோ சார்ஜாவில்!

தலைநகரில் இருப்பது தூதரகம். அரசோடு அரசு பேசுவது அதன் முதல் வேலை. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாடுகளில் அதையே ஹைகமிஷன் என்பார்கள், பெயர்தான் வேறு. நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியது கான்சுலர் பிரிவு. பாஸ்போர்ட், பிறப்பு இறப்புப் பதிவு, சிறையில் கிடப்பவரைப் பார்ப்பது, சவத்தை அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. குவைத்திலும் மஸ்கட்டிலும் தோஹாவிலும் அது தூதரகத்துக்குள்ளேயே இருக்கிறது. அமீரகத்தில் அப்படி இல்லை. அபுதாபியில் தூதரகம், துபாயில் தனியாகத் துணைத் தூதரகம். சார்ஜா, அஜ்மான், ராசல் கைமா, புஜைரா எல்லாம் துபாயைச் சேர்ந்தவை. சவுதியில் ரியாத்தில் தூதரகம். ஜித்தா, மெக்கா, மதீனாப் பக்கத்துக்கு ஜித்தாவில் துணைத் தூதரகம். நம் ரயில்வேயில் டிவிஷன் எல்லை போலத்தான். எல்லை தாண்டிய காகிதம் மேசை மேசையாகச் சுற்றும். குமாஸ்தா நான், எனக்குத் தெரியாதா?

அந்தத் தாயாரின் மனுவைத் துபாய்க்கு மாற்றி எழுதினோம். ஆனால் பையன் உள்ளே வாயே திறக்கவில்லை. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்!

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு என்ன சொல்கிறது? பிடிபட்டவன் கேட்டால், போலீசார் தாமதமின்றி அவன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த உரிமை உனக்கு உண்டு என்று அவனுக்கும் சொல்ல வேண்டும். கான்சுலர் அதிகாரி சிறைக்குப் போய்ப் பேசலாம். வக்கீலுக்கு ஏற்பாடு செய்யலாம். குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இந்தப் பிரிவை மீறியதென்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பையன் கேட்க வேண்டும், தோழர்களே! கேட்காதவனுக்காகத் தகவல் சொல்லும் கடமையை அந்த ஒப்பந்தம் போலீசார் மேல் சுமத்தவில்லை.

தூதரகம் சிறைக்கதவைத் திறந்துவிடாது. அந்த நாட்டுச் சட்டத்துக்குள்தான் அது நடக்க முடியும். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. முதலாளி கைவிட்டவனுக்குத் தங்குமிடம், டிக்கெட், சட்ட உதவி, வழியில்லாத வீட்டுக்குச் சவத்தை அனுப்பும் செலவு ஆகியவற்றுக்கு 2009இல் ஏற்பட்ட இந்திய சமூக நல நிதி இருக்கிறது. இது யார் பணம்? பாஸ்போர்ட் முதலான வேலைகளுக்குக் கட்டணம் கட்டும்போது கூடவே வாங்குகிற சிறு தொகை அதில் சேர்கிறது. நம் பிள்ளைகளின் காசு! கையேந்தி நிற்காதீர்கள், விண்ணப்பம் கொடுத்துக் கேளுங்கள்.

பாஸ்போர்ட் நகலும் வேலை ஒப்பந்த நகலும் வீட்டில் இருக்கட்டும். பிள்ளை வேலை செய்யும் ஊர் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்று நகலின் பின்புறம் எழுதி வையுங்கள். நகல் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்துக்கு வாருங்கள், நானும் இருப்பேன்.