விதியும் விருப்பமும்

ஆங்கில நூல்களில் 'ஃப்ரீ வில்' என்று வழங்கும் இரு சிறு சொற்களைத் தமிழாக்கப் புகுவோர் படும் இடர்ப்பாடு சிறிதன்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது பழகிய தொல்லை. 'சுயேச்சை' எனலாம், ஆனால் அச்சொல்லைக் கேட்டவுடன், கட்சி சாராது தேர்தலில் நிற்கும் வேட்பாளரே நினைவுக்கு வருகிறார். 'தன்விருப்பம்' எனலாம், அது மனம் போன போக்கு என்னும் பொருளை ஏற்றுக்கொள்ளக்கூடும். தமிழில் சொல்வளம் இல்லாமையால் வந்த இடர்ப்பாடன்று இது. பொருளே இன்னும் வழக்கில் இருக்கிறது. மனிதன் தன் செயலைத் தானே தேர்கின்றானா, அன்றி வேறொன்றால் இயக்கப்படுகின்றானா என்னும் வினாவைச் சமயமும் விஞ்ஞானமும் எங்ஙனம் நோக்குகின்றன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. நாம் வாழும் பெங்களூருத் தொம்மலூரில், சில ஆண்டுகளுக்கு முன், அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் இரவில் மோட்டார் சைக்கிளில் திரும்புகையில் விழுந்து உயிர் நீத்தார். அவருடைய தலைக்கவசம் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விழுந்த தெருமுனையில் விளக்கு பல நாட்களாக எரியவில்லை. துக்கம் விசாரிக்கச் சென்ற யாவரும், நாமும் உட்பட, "எல்லாம் விதி, அம்மா" என்றே சொன்னோம். அச்சொல் அத்தாய்க்குச் சிறிது ஆறுதல் அளித்தது மெய். ஆனால் அவ்வீட்டை விட்டு வெளியே வந்த பின்னரும் அதே சொல்லை நாம் விடவில்லை. விளக்கைக் குறித்து எவரும் முறையிடவில்லை. மறுநாட் காலையில் தெருவினர் பலர் வெறுந்தலையுடனேயே வண்டி ஏறினர். உள்ளே மருந்தாக இருந்த சொல் வெளியே சாக்காக மாறிவிட்டது.

விதியைப் பற்றிய பேச்சு சமயத்தாருக்கே உரியதென்று நினைப்பது பிழை. விஞ்ஞானத்துக்கும் ஒரு விதிக்கொள்கை உண்டு. உலகிலுள்ள ஒவ்வொரு பொருளின் நிலையையும் அதன்மேல் செயற்படும் விசைகளையும் ஒரு கணத்தில் முற்றும் அறிய வல்ல பேரறிவு ஒன்று இருப்பின், அதற்கு எதிர்காலமும் கண்முன் நிற்கும் என்று 1814-இல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் எழுதினார். ஹைசன்பர்க் 1927-இல் வெளியிட்ட நிச்சயமின்மைத் தத்துவம் அந்நம்பிக்கையை அசைத்தது. எனினும் அணுவின் போக்கு தற்செயலானது என்பதனால் மட்டும் மனிதனுக்குச் சுதந்திரம் வந்துவிடாது. சோழி விழுந்தபடி நடப்பவனைச் சுதந்திரமுடையவன் என்று யார் சொல்வார்?

இந்த விவாதம் பின்னர் மூளை ஆராய்ச்சிக்குள் புகுந்தது. அமெரிக்காவில் பெஞ்சமின் லிபெட் என்பார் 1983-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். விரும்பிய போது மணிக்கட்டை அசைக்குமாறு சிலரைக் கேட்டார். விருப்பம் எழுந்த கணத்தை எதிரே சுழலும் கடிகாரப் புள்ளியைப் பார்த்துச் சொல்லுமாறும் கேட்டார். அசைவுக்கு ஏறத்தாழ அரை விநாடி முன்னரே மூளையில் ஒரு மின் ஆயத்தம் தொடங்கியது. விருப்பம் எழுந்ததாக அவர்கள் உணர்ந்ததோ விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் முன்னர்தான். மூளை முடிவு செய்த பின்னரே மனம் அறிகிறது என்று பலர் இதற்குப் பொருள் கொண்டனர். லிபெட் அவ்வளவு தூரம் செல்லவில்லை. எழுந்த உந்துதலைத் தடுத்து நிறுத்த மனத்துக்கு இடமுண்டு என்று அவர் கருதினார். அந்த மின் ஆயத்தம் முடிவே அன்று, மூளையில் இயல்பாக ஏறியிறங்கும் சலனங்களின் விளைவாக இருக்கலாம் என்று 2012-இல் ஷுர்கரும் அவருடைய துணைவர்களும் காட்டினர். 2023-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சபோல்ஸ்கி, மனிதனுக்குச் சுதந்திரம் சிறிதும் இல்லை என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் டப்ளின் நகரத்துக் கெவின் மிட்செல், அஃது உண்டு என்று மற்றொரு நூல் எழுதினார். ஒரே துறையினர், ஒரே சான்றுகள், இரு முடிவுகள்!

இனிச் சமயத்தின் பக்கம் திரும்புவோம். ஊழைப் பற்றி 38-ஆம் அதிகாரத்தில் அத்துணை அழுத்தமாகப் பேசிய வள்ளுவர், 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையை, அதாவது விடாமுயற்சியை, அதே அழுத்தத்துடன் வற்புறுத்துகின்றார். வைணவத்திலோ இவ்வினா இரு கலைகளாகவே பிரிந்தது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல உயிர் முயல வேண்டும் என்றனர் வடகலையார்; தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைப் போல இறைவனிடம் தன்னை விட்டிருத்தலே போதும் என்றனர் தென்கலையார்.

இவ்விரு கலையாருக்கும் ஆசாரியராகிய இராமாநுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் தரும் உவமை ஒன்று, சட்ட ஆவணங்களோடு பழகும் நம்மைப் பெரிதும் கவர்ந்தது. பாகம் பிரியாத சொத்து ஒன்று இருவருக்குப் பொதுவாக உள்ளது. அதை ஒருவர் பிறருக்குக் கொடுக்க விரும்பினால் மற்றவரின் அனுமதி வேண்டும். ஆனால் அவ்வனுமதியைக் கேட்டுப் பெற்றவர் முன்னவரே; ஆகையால் கொடையின் பயனும் அவரையே சாரும். அவ்வாறே உயிர் முதலில் முயல்கிறது, இறைவன் அனுமதிக்கிறான், பயன் உயிரையே சார்கிறது. 'இறைவன்' என்னுமிடத்தில் 'இயற்கை' என்று வைத்துப் படித்தாலும் இவ்வுவமை பொருள் தரும். நம் பிறப்பு, வளர்ப்பு, நரம்பு, பழக்கம் ஆகிய யாவும் அச்சொத்தில் பங்காளிகளே. அவற்றின் இசைவின்றி நாம் ஒன்றும் செய்ய இயலாது. எனினும் கையொப்பம் நம்முடையது.

சட்டமும் ஏறக்குறைய இவ்வழியிலேயே செல்கிறது. மனநலக் குறைவினால் தன் செயலின் தன்மையை அறிய இயலாதவன் செய்தது குற்றமாகாது என்று 2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு கூறுகிறது; பழைய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும் அதனையே கூறிற்று. சுதந்திரம் எல்லாரிடத்தும் எக்காலத்தும் ஒரே அளவினதாக இல்லை என்பதை இது ஒப்புக்கொள்கிறது. நோயும் குடியும் வறுமையும் அதைச் சுருக்குகின்றன. கல்வியும் நற்பழக்கமும் அதை விரிக்கின்றன. ஆகவே பிறருடைய பிழையை ஆராயுங்கால் காரணங்களை நிறையத் தேடுவதும், நம் பிழையை ஆராயுங்கால் அவற்றைக் குறைவாகத் தேடுவதும் நேர்மையாகும்.

தொம்மலூரில் பழமையான சொக்கப்பெருமாள் கோயில் ஒன்று உண்டு. அங்கே 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இன்னார் இன்ன கொடை கொடுத்தார் என்பதே அவை கூறும் செய்தி. கொடுத்தவர்கள் விதியை நம்பியே இருந்திருப்பர். ஆயினும் விதி கொடுத்தது என்று அவர்கள் கல்லில் எழுதவில்லை.

அத்தெருமுனைக்கு விளக்கு வேண்டி நாம் ஒரு விண்ணப்பம் எழுதினோம். எழுதி முடிக்கக் கால் மணி நேரமும் ஆகவில்லை. எழுதத் தொடங்குவதற்கோ எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதங்களை விதியின் கணக்கில் எழுத நமக்குத் துணிவில்லை.