காதுக்குப் போகாத சொல்

2005 மார்ச், இங்கிலாந்து. இரண்டு பிள்ளைகளின் தாய் எலைன் புரோமிலி, சைனஸ் தொல்லைக்காகச் சாதாரண ஆபரேஷனுக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறங்கவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 40 சதவீதத்துக்குச் சரிந்தது.

டாக்டர்கள் அனுபவசாலிகள்தான். குழாயைச் செருகுவதிலேயே மூழ்கியதில் நேரம் போனது தெரியவில்லை. ஒரு நர்ஸ், மூச்சுக்கு வழி செய்யக் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, மற்றவர்களின் முகம் பார்த்து அதை ரத்து செய்தார். தப்பும் வழி அந்த அறைக்குள்ளேயே இருந்தது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

13 நாள் கழித்து எலைன் இறந்தார்.

கணவர் மார்ட்டின், விமானி. துணை விமானி தயங்காமல் குரல் கொடுக்கப் பயிற்சி உண்டே, ஆபரேஷன் தியேட்டரில் ஏன் இல்லை என்று கேட்டார். அதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

அப்படி வாய் திறக்க இன்று வழி உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியலின்படி, கத்தி வைக்குமுன் குழுவில் ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். மயக்கம் கொடுக்குமுன்பே, மூச்சுப்பாதையில் சிக்கல் வருமா, உதவிக்குக் கருவியும் ஆளும் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.