பெயரை மாற்றினால் வலி மாறுமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு மனிதனைப் பலகையில் மல்லாக்கக் கிடத்தி, கைகால்களைக் கட்டி, முகத்தைத் துணியால் மூடி, அந்தத் துணிமேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மூச்சு முட்டுகிறது. ஆற்றில் மூழ்குகிறவனைப் போல உடம்பு துடிக்கிறது. இதற்கு என்ன பெயர்? முன்வரிசையில் இருக்கும் சிறுவனைக் கேட்டாலும் சித்திரவதை என்பான். ஆனால் அமெரிக்க நாட்டின் சட்டத் துறைக்குத் தலைமை ஏற்க வந்தவருக்கு அது தெரியவில்லை!

2007 செப்டம்பரில் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு மைக்கேல் முகேசி முன்மொழியப்பட்டார். பல ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர். செனட் குழு அவரிடம் இந்தத் தண்ணீர் முறையைப் பற்றிக் கேட்டது. அது சித்திரவதை என்றால் அரசியல் சட்டத்துக்கு விரோதம்தான் என்றார். அது சித்திரவதைதானா? அதை மட்டும் சொல்லவில்லை. அப்படியும் 53க்கு 40 என்ற வாக்கில் பதவி கிடைத்தது. 2008 ஜனவரியில் செனட்டர் எட்வர்ட் கென்னடி நேராகவே கேட்டார்: உங்களுக்கே அதைச் செய்தால்? எனக்குச் சித்திரவதையாகத்தான் தோன்றும் என்று ஒப்புக்கொண்டார். தன் மூக்கில் ஏறினால் சித்திரவதை. ஊரான் மூக்கில் ஏறினால் ஆராய வேண்டிய விஷயம்!

தோழர்களே, இந்த மழுப்பல் ஏன்? அமெரிக்கச் சட்டப்படியே சித்திரவதை குற்றம். அந்த ஒரு சொல்லை வாய்விட்டுச் சொன்னால், செய்தவரும், செய்யச் சொன்னவரும், செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தவரும் கூண்டில் ஏற வேண்டிவரும். எழுதிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். உடல் உறுப்பு செயலிழக்கும் அளவுக்கு, சாவுக்கு நிகரான அளவுக்கு வலி இருந்தால்தான் சித்திரவதை என்று 2002 ஆகஸ்டில் நீதித் துறையே குறிப்பு எழுதியது. அந்த மாதம் ஒரு கைதிக்கு மட்டும் குறைந்தது 83 முறை தண்ணீர் ஊற்றப்பட்டது. 2003 மார்ச்சில் காலித் ஷேக் முகமதுக்கு 183 முறை. அதற்கு வைத்த பெயர் 'மேம்படுத்தப்பட்ட விசாரணை முறை'. இதே தண்ணீர்க் கொடுமையும் சேர்ந்த குற்றங்களுக்காக, 1947இல் ஒரு ஜப்பானியருக்கு 15 ஆண்டு கடுந்தண்டனை கொடுத்ததும் அதே அமெரிக்காதான்.

காலித் ஷேக் மூவாயிரம் பேர் சாவுக்குத் திட்டம் போட்டவராயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தானே நீதிமன்றம்? 2003இல் பிடிபட்டவர் மீதான வழக்கு இருபது ஆண்டுகள் கடந்தும் முடியாமல் இழுத்ததற்கு அந்தச் சித்திரவதையே ஒரு காரணம். செத்தவர்களின் குடும்பத்துக்கும் நீதி கிடைக்கவில்லை.

பிரிட்டன் மட்டும் சளைத்ததா? 1971இல் வட அயர்லாந்தில் 14 பேரைப் பிடித்து, தலையில் சாக்கு மாட்டி, சுவரோடு மணிக்கணக்கில் நிறுத்தி, தூங்கவிடாமல், சோறு தண்ணீரைக் குறைத்து, காதைக் கிழிக்கும் சத்தத்தில் வைத்தார்கள். 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இது மனிதத்தன்மையற்ற செயல், ஆனால் சித்திரவதை அல்ல என்றது. அந்தத் தீர்ப்பைத்தான் 2002இல் அமெரிக்க வக்கீல்கள் தங்களுக்குத் துணையாக எடுத்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் சொல்லுக்குக் கொடுத்த சலுகை இன்னோரிடத்தில் இருபத்து நான்கு ஆண்டு கழித்தும் ஆளை வதைக்கிறது!

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் நாடு சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை. 2010இல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நின்று காலாவதியானது. சட்டம் தேவை என்று 2017இல் சட்ட ஆணையமும் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் ஜெனிவாவில் நம் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோஹத்கி, சித்திரவதை நம் பண்பாட்டுக்கே அந்நியமானது என்று பேசினார். மூன்றே ஆண்டில், 2020 ஜூனில், நம்மில் பலருக்குப் பக்கத்து ஊரான சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. போலீஸ்காரர்கள் மீதே சி.பி.ஐ. கொலைக் குற்றம் சாட்டியது. இது யார் பண்பாடு?

பிழைக்க வந்த ஊரில், மொழி தெரியாத நம் பிள்ளையை "சும்மா விசாரிச்சு அனுப்பிடுவோம்" என்று அழைத்துப்போவார்கள். அப்போது அழுதுகொண்டு வீட்டில் உட்காராதீர்கள். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள். கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் சாட்சியின் கையெழுத்தும் இருக்க வேண்டும். வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 48 மணிக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. புரியாத தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். ஸ்டேஷனில் கேமரா இருக்க வேண்டும் என்று 2020இல் உத்தரவு வந்தது. அந்தப் பதிவைக் கேளுங்கள்.

அடித்தார்களா என்று கேட்டால் "லேசாக விசாரித்தோம்" என்பார்கள். அந்தப் பெயருக்காக அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, யார், எதனால், உடம்பில் எந்த இடத்தில் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். டாக்டர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம். நள்ளிரவானாலும் சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள், நாங்கள் வருகிறோம். செய்தது என்ன என்று தாளில் ஏறிவிட்டால், அதற்கு என்ன பெயர் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.