கல்வெட்டு காணி உறுதி அன்று

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலே பழைய கற்குகைகள் உள. மழைநீர் உள்ளே வழியாதவாறு குகையின் நெற்றியில் விளிம்பு வெட்டி, அதன் கீழே பிராமி எழுத்துக்களைப் பொறித்திருக்கின்றனர். அவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையன. மொழி பிராகிருதம், குகைகளோ பௌத்தத் துறவியர் தங்கியவை. ஆயினும், அங்குள்ள இரு கல்வெட்டுக்கள் கூறும் விசாகன் யார்? “தமேட” வணிகன், அதாவது தமிழ் வணிகன் என்று கல்லே சொல்லுகின்றது! பேராசிரியர் பரணவிதான 1970 இல் வெளியிட்ட இலங்கைக் கல்வெட்டுத் தொகுதியிலும் இவை இடம்பெற்றுள்ளன.

வன்னிக்குக் கிழக்கே, திருகோணமலைக்கு வடக்கிலுள்ள திரியாயையும் நோக்குங்கள். அங்கே குன்றின் பாறையில் நீண்டதொரு கல்வெட்டுண்டு. மொழி சமஸ்கிருதம், எழுத்தோ காஞ்சிப் பல்லவர் நாட்டில் வளர்ந்த கிரந்தம். போற்றப்படுவது பௌத்த சேதியம். உடன் கூறப்படுவோர் வணிகக் கூட்டத்தார்.

இவ்விரண்டும் நமக்கு உணர்த்துவது யாது? ஒரே மொழியிற் கல்லெழுதியோர் எல்லாரும் ஓரினத்தவர் அல்லர். ஒரே சமயத்தைப் பேணியோர் எல்லாரும் ஒரே மொழி பேசியோர் அல்லர். வணிகம் சென்ற வழியே மொழியும் எழுத்தும் சமயமும் கலந்து சென்றன.

இன்றோ, பௌத்தச் சின்னம் கண்ட இடத்திலெல்லாம் தமிழனுக்கு உரித்தில்லை என்பார் ஒருசாரார். “அது பௌத்தம், நமக்கென்ன?” என்று முகந்திருப்புவோர் நம்முள்ளேயே உளர். இரு சாராரும் விசாகனை மறந்தவர்களே! கல்வெட்டு அக்காலத்தின் சாட்சி. இன்று உழுபவனின் வயலைப் பறிப்பதற்கு எழுதிய காணி உறுதி அன்று. சாட்சியைத் திரித்துரைப்பதும் குற்றம். அதனை அழிய விடுவதும் குற்றம்.

ஆகவே, கமக்காரர்களே! எழுத்துள்ள கல் எதிர்ப்பட்டால் அத்திவாரத்துக்கென உடையாதீர்கள். குகையினுள் நெருப்பு மூட்டாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்சின்னங்களுக்குக் காப்பளிக்கின்றது. உடனே கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

ஆசிரியர்களே! மாணவரைக் கல்லருகே அழைத்துச் செல்லுங்கள். சாய்ந்த வெயிலிலே தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெளிவுறும். அவ்வேளையிற் படமெடுத்து வையுங்கள். பிராமியும் கிரந்தமும் படிக்கவல்ல பிள்ளைகள் ஊருக்கு ஒருவரேனும் வேண்டும். சட்டமறிந்தோரே! காணி வழக்கிலே கல்வெட்டைக் காட்டுவோரிடம், அதன் முழு வாசகத்தையும் கேளுங்கள்.

பிறர் படித்துச் சொல்வதை நம்பியே எத்துணைக் காலம் இருப்போம்? நம் நிலத்துக் கல்லை நாமே காப்போம், நாமே படிப்போம், உள்ளதை உள்ளவாறே உலகுக்கு உரைப்போம்!