தொண்டு செய்கிறவள் தெருவில் உட்காரலாமா?

(செஞ்சிக்கு அடுத்த சிங்கவரத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நர்ஸ் படிப்புக்குப் போகும் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "நர்ஸ் வேலை என்றால் தொண்டு அல்லவா? தொண்டு செய்கிறவள் சம்பளம் கேட்டுத் தெருவில் உட்காரலாமா?" நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியை மந்திரிகளும் கேட்கும்போதுதான் நமக்குச் சந்தேகம் வருகிறது.

பம்பாயில் கே.இ.எம். என்ற மாநகராட்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து பிழைக்க வந்த அருணா ஷான்பாக் என்ற இளம்பெண் அங்கே நர்ஸாக இருந்தார். 1973 நவம்பர் 27 அன்று, அதே ஆஸ்பத்திரியின் ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்துச் சீரழித்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் அருணா நினைவிழந்தார். பம்பாய் நர்ஸுகள் என்ன செய்தார்கள்? வேலை நிறுத்தம் செய்தார்கள். அருணாவுக்கு நல்ல சிகிச்சை வேண்டும், எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்த நர்ஸுகள்தான் அருணாவைப் பிறகு பார்த்துக் கொண்டார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. 2015 மே 18 அன்று அவர் கண் மூடும் வரை, ஏறத்தாழ 42 வருஷங்கள்! முதலில் பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போக, புதிதாக வந்தவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் உடம்பை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டாவிட்டால் எலும்பு அழுத்தும் இடமெல்லாம் புண்ணாகிவிடும். வீட்டில் கிழவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம்! அருணாவின் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. 1980-களில் படுக்கையைக் காலி செய்ய மாநகராட்சி இரண்டு தடவை முயன்றது. நர்ஸுகள் போராடி அதைத் தடுத்தார்கள். இந்தப் போராட்டம் சம்பளத்துக்கா, சொல்லுங்கள்?

அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தலாம் என்று சுப்ரீம் கோர்ட்டில் ஒருவர் மனுப் போட்டார். அவரும் இரக்கத்தினால்தான் கேட்டார். அவரை நாம் குறை சொல்லவில்லை. 2011 மார்ச் 7 அன்று கோர்ட் மனுவைத் தள்ளியது. அருணாவுக்கு உற்றவர்கள் கே.இ.எம். ஊழியர்களே என்றும் சொன்னது.

நம் ஊருக்குப் பக்கத்தில் திருநாதர் குன்று இருக்கிறதே, அங்கே ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்ட சமண முனிவர் ஒருவரின் கல்வெட்டு உண்டு. அது அவரே எடுத்த முடிவு. அருணாவால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வித்தியாசம் அங்கேதான். நோயாளியின் சம்மதம் நர்ஸ் தொழிலில் பெரிய விஷயம். என்ன ஊசி, எதற்கு ஊசி என்று கூலிக்காரக் கிழவிக்கும் சொல்லித்தான் போட வேண்டும்.

இதிலே நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. பிரசவ வலியில் கத்தும் ஏழைப் பெண்ணை வாய்க்கு வந்தபடி ஏசுகிற நர்ஸுகளும் இருக்கிறார்கள். எண்பது நோயாளிக்கு ஒருத்தி என்று நிறுத்தினால் நாக்கு தடிக்கத்தான் செய்யும் என்பார்கள். அது காரணம்தான்; மன்னிப்பு ஆகாது. அந்தப் பெண் நம் வர்க்கத்துப் பெண்.

சர்வதேச நர்ஸுகள் கவுன்ஸில் 1953-ல் ஓர் ஒழுக்க விதித் தொகுப்பை ஏற்றது. அது பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. நோயாளியின் கௌரவத்தையும் ரகசியத்தையும் காக்கச் சொல்லும் அந்த விதிகளே, நியாயமான வேலை நிலைமைக்காக நர்ஸுகள் தங்கள் ஸ்தாபனத்தின் மூலம் பாடுபடுவதும் கடமை என்கின்றன. தர்மம் பேசுகிற மந்திரிகள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை!

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2015-ல் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த ஆயிரக்கணக்கான நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷம் கழித்து வேலை நிரந்தரம் என்ற பேச்சு காற்றோடு போயிற்று. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடும் வந்தார்கள். கொரோனாக் காலத்தில் சேர்த்துக் கொண்ட ஒப்பந்த நர்ஸுகளுக்குக் கைதட்டல் கிடைத்தது. 2022 டிசம்பர் 31-உடன் ஒப்பந்தமும் முடிந்தது.

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் மகளைத் தைரியமாக அனுப்புங்கள். நியமன உத்தரவு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் அதை இங்கே எடுத்து வரச் சொல்லுங்கள். "ஒப்பந்தம்" என்ற சொல் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று சேர்ந்து படித்துப் பார்ப்போம்.